டில்லி வீட்டுப் பெண்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி வரையும் வம்சாவளிப் படத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிளை ஜான் ஹவ்லண்ட் வரைக்கும் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து அந்த மனுஷரைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஒருவர். அந்தக் குடியேற்றத்துக்கு முதல் கவர்னரான ஜான் கார்வரிடம் வேலைக்காரர். நடுக்கடலில் புயலடித்தபோது மேல்தளத்துக்கு வந்தவரைக் கப்பல் ஒரே சாய்ப்பில் கடலுக்குள் தள்ளிவிட்டது. தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்க்கயிறு கையில் அகப்பட, ஆழத்துக்குள் அமிழ்ந்தும் பிடியை விடவில்லையாம். கயிற்றோடு இழுத்து, கொக்கிக் கழி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். படிக்கும்போதே எனக்குக் கை வேர்த்துவிட்டது, கயல். நம் குழந்தையே அந்தக் கயிற்றில் தொங்கிய மாதிரி.

ஆனால் என் மனசை விட்டுப் போகாதவள் எலிசபெத் டில்லி. அதே கப்பலில் வரும்போது 13 வயசுப் பெண். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நாலு பேரையும் முதல் குளிர்காலத்தில் பறிகொடுத்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். பிறகு ஹவ்லண்டைக் கட்டிக்கொண்டு பத்துப் பிள்ளை பெற்று, பத்தையும் ஆளாக்கினாள். அவளைப் போய், பின்னால் வந்தவர்கள் கார்வரின் மகள் என்று ஆக்கிவிட்டார்கள். கவர்னர் வீட்டுப் பெண் என்றால் பெருமைதானே! அதே கப்பலில் வந்து, கார்வருக்குப் பின் கவர்னரான வில்லியம் பிராட்ஃபோர்ட் அந்தக் குடியேற்றத்தைப் பற்றி எழுதி, காணாமல் போயிருந்த கையெழுத்துப் பிரதி 1855-இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்ட பிறகுதான் அவள் ஜான் டில்லியின் மகள் என்பது தெளிவானது. எலிசபெத்தின் மூத்த மகளுக்கு நாலு குழந்தைகள் என்பதுவரை பிராட்ஃபோர்ட் அதில் குறித்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் அத்தை கொடுத்த பழைய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதில் இன்னும் கார்வர் என்றுதான் இருக்கிறது. குழந்தை அதைப் பார்த்து எழுதிவிடப்போகிறாள். என் பாட்டியைப் பெற்றவள் பேர் எனக்குத் தெரியாது. சொல்ல ஆள் இருந்தபோது நான் கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

அவர்கள் குடியேறிய பிளிமத் என்ற இடமும் வெறும் காடு இல்லை. பட்டுக்செட் என்று, வாம்பனோக் என்ற பூர்வகுடி ஜனங்களின் ஊர். 1616-இலிருந்து 1619 வரை வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்துபோய், அந்த ஜனங்கள் திருத்தி வைத்த நிலத்தில்தான் இவர்கள் விதைத்தார்கள். பிளிமத் என்று எழுதும் இடத்தில் அந்தப் பேரையும் எழுதட்டும்.

நடுவில் இரண்டு தலைமுறைக்குப் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றாயே. கிடைக்கிறவரை அங்கே புள்ளிக்கோடு போடச் சொல்.

அன்புடன்,
அம்மா