வட்டம் வந்தால் போதும்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கீழத்தெரு வயலில் குறுவை நடவு நடக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சித்தப்பா அந்தப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

போன் போட்டால் ‘மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்’ என்கிறாய். அப்புறம் கூப்பிடுவதில்லை. எல்.கே.ஜி. டீச்சருக்கு ராத்திரி எட்டு மணிக்கு என்ன மீட்டிங் என்று அப்பா கேட்கிறார். ‘டிசம்பருக்குள் எல்லாப் பிள்ளைகளும் நூறு வரைக்கும் எழுத வேண்டுமாம், அந்தக் கவலை அவளுக்கு’ என்று நான்தான் சமாளித்து வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெறும் காபியைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

போன வாரம் வீடியோவில் பேசினபோது நீ எழுத்து நோட்டை எடுத்ததும் என் பேரன் குட்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவனுக்கு மூன்றரை வயது, அதை மட்டும் சொல்கிறேன்.

உனக்குத் தெரியாததில்லை. டிரெயினிங்கில் நீதான் முதல் மார்க், அந்தச் சான்றிதழை அப்பா இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆனாலும் சொல்கிறேன். மூன்று வயதில் பிள்ளை வட்டத்தைப் பார்த்துப் போடும். கூட்டல் குறி நான்கு வயதுவாக்கில் வரும். சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்தை ஒட்டி. சில மாதம் முன்பின் ஆகலாம். மணிக்கட்டில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். மூலையில் கோட்டைத் திருப்பவே வராத கை ‘இ’யை எப்படிச் சுழிக்கும்?

என் அங்கன்வாடிக்கு வந்த பெட்டிக்கடைக்காரர் வீட்டுப் பையனை உனக்கு ஞாபகமிருக்கும். சாக்பீஸைக் கொடுத்தால் கீழே போட்டுவிடுவான். அவனுக்கு எழுத்து என்று நான் இலக்கு வைக்கவேயில்லை. சமையலுக்கு வந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்தை அவன் மடியில் போட்டேன். முதலில் முழுக் கையால் இழுத்துக் காம்போடு பிய்த்தான். போகப் போக மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் சேர்த்து ஈர்க்கிலிருந்து உருவக் கற்றுக்கொண்டான். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவது அந்த விரல்கள்தானே? வாய்க்கால் களிமண்ணில் பாம்பு உருட்டினான், புளியங்கொட்டை பொறுக்கி அடுக்கினான். ஒருநாள் யாரும் சொல்லாமலே தரையில் வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு கண்ணும் வைத்தான்.

என் அங்கன்வாடி நோட்டில் அவன் பேருக்கு நேரே என் வேலையைத்தான் எழுதி வைத்திருந்தேன்: ‘இந்த வாரம் தினமும் இவனோடு பத்து நிமிடம் களிமண்.’ பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால், அது நடக்காதபோது பிள்ளைமேல்தான் கோபம் வரும். நாம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்பது சனிக்கிழமை தெரிந்துவிடும். உன் வகுப்புக்கும் அப்படி எழுதிப் பாரேன். எல்லோருக்கும் ஒன்றையே எழுதாதே.

பிள்ளைகளுக்கும் இலக்கு உண்டு. காலையில் ‘இன்னைக்கு என்ன பண்ணப் போறே?’ என்று கேட்டால் ‘கோயில் கட்டப் போறேன்’ என்று கட்டைகளிடம் ஓடும். சாப்பாட்டுக்கு முன்னால் ‘கட்டினியா?’ என்றால், ‘கோபுரம் விழுந்துடுச்சு, நாளைக்குப் பெருசா கட்டுவேன்’ என்று சொல்லும். தானே நினைத்து, தானே செய்து, தானே திருத்துகிறது. நான்கு வயதுக்கு இதைவிட என்ன திட்டம் வேண்டும்? அன்றைக்குக் குட்டி ‘அம்மாச்சி, லாரி ஓட்டப் போறேன்’ என்றான். அதற்குள் நீ நோட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாய்.

அரசாங்கம் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டுவந்தபோதுகூட, எட்டு வயதுக்குள் பிள்ளை எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. உங்கள் மேடத்திடம் இதைச் சொல்ல முடியுமா பார். நீ சொன்னால் கேட்பார்கள், உனக்கு அந்தப் பேச்சுத்திறமை சின்ன வயதிலிருந்தே உண்டு. கேட்காவிட்டாலும் அந்தச் சங்கடத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போ. குட்டி உன் வகுப்புப் பிள்ளை இல்லை. உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

விஜயதசமிக்குக் குட்டியைக் கூத்தனூருக்குக் கூட்டிக்கொண்டு வா. சரஸ்வதி சன்னதியில் அப்பா விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கட்டும். அதுவரைக்கும் அந்த நோட்டைப் பரண்மேல் போடு. களிமண் வேண்டுமென்றால் இங்கிருந்து எடுத்து அனுப்புகிறேன், கடையில் வாங்கும் கலர் மாவு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. கூப்பிடவில்லை என்றால் திங்கட்கிழமை பூந்தோட்டத்தில் ரயிலேறி வந்துவிடுவேன், மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. வந்தால் பத்து நாள் இருப்பேன்.

அம்மா