மெஷின் எப்படி என்று கேட்டிருந்தாயே

மேடவாக்கம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமல் வாசல் வரைக்கும் நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தொடாதே. அண்ணன் சமைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய், அதைத்தான் நம்ப முடியவில்லை. ரசம் வைக்கிறாரா, வெந்நீரில் புளியைக் கரைத்து ஊற்றுகிறாரா?

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. புனேயில் பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். மருமகள் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். அப்போது நான் போய் இருக்க வேண்டியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் வாங்கிக் கொடுத்த புது வாஷிங் மெஷின் எப்படி, நானும் அதையே வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இதைப் போனில் கேட்டிருந்தால் "நல்லா இருக்கு" என்று முடித்திருப்பேன். பக்கத்தில் இவர் உட்கார்ந்திருப்பார், அப்படியே பையன் காதுக்குப் போய்விடும். எங்கள் கல்யாண நாளுக்கென்று ஆசையாக வாங்கி அனுப்பினான். வீடியோவில் பேசும்போதெல்லாம் "மெஷின் எப்படிம்மா?" என்கிறான். "சூப்பர்ப்பா" என்கிறேன். உனக்கு எழுதும்போது நிஜத்தைச் சொல்லலாம். எனக்கு அது பிடிக்கவில்லையடி.

முதல் வருத்தமே பழைய மெஷின் போனதுதான். 2006-ல் என் சம்பளத்தில் வாங்கின செமி ஆட்டோமேட்டிக், துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. புதுசைக் கொண்டுவந்த ஆட்கள் அதை ஆயிரம் ரூபாய்க்குக் கழித்துக்கொண்டு லிஃப்டில் ஏற்றிப் போய்விட்டார்கள். அதில் மூடி விரிசல் விட்டிருந்தது, டைமர் குமிழ் கையோடு வந்துவிடும். ஆனால் எனக்கும் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தடவை நிரப்பிய சோப்புத் தண்ணீரில் முதலில் இவருடைய வேட்டி, சட்டை. அதே தண்ணீரில் என் சேலைகள். அதே தண்ணீரில் கால் மிதியடியும் கரித்துணியும். அப்புறம் மிச்சத்தைப் பிடித்துப் பால்கனியைக் கழுவிவிடுவேன். புதுசு, மேலே திறக்கிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக், அப்படியில்லை. தானே நிரப்பி, தானே கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டுகிறது. ஏழு கிலோ மெஷினில் முழுச் சுமை போட்டால் ஒரு ஓட்டத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் போகிறது. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்தக் கோடையை லாரித் தண்ணீரில் ஓட்டினவளுக்கு அந்த வெளியேற்றும் குழாய்ச் சத்தத்தைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. இப்போது அந்தக் குழாயை ஒரு டிரம்முக்குள் விட்டு வைத்திருக்கிறேன். கடைசி அலசல் தண்ணீரையாவது கழிப்பறைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று.

பிழிவதும் பழசு மாதிரி இல்லை. செமியில் பிழிகிற தொட்டி சின்னது, நிமிடத்துக்கு 1300 சுற்று சுற்றும். இது 700 சுற்றுதான். அதிலிருந்து எடுத்து உதறினால் பாதி காய்ந்த மாதிரி இருக்கும், இதிலிருந்து எடுத்தால் கனக்கிறது. மார்கழியில் பால்கனியில் எப்படிக் காயப் போகிறதோ.

சேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதன் அடியில் ஒரு தட்டு இருக்கிறது, அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று தண்ணீரைக் கலக்குகிறது. துணி தண்ணீரோடு சுழல்கிறது. ஐந்தரை மீட்டர் சேலை சுழன்றால் என்ன ஆகும்? முதல் தடவை மூடியைத் திறந்தபோது தேர்வடம் மாதிரி ஒன்று கிடந்தது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன், அந்த நுனி இவருடைய சட்டைக் கைக்குள் போய், அந்தச் சட்டை உள்பாவாடை நாடாவில் மாட்டி, நாடா என் ரவிக்கைக் கொக்கியில் சிக்கி நின்றது. கொக்கி சும்மா இருக்குமா, சுங்குடிச் சேலையின் முந்தானையில் நூலை இழுத்துவிட்டது. மதுரையில் நாம் சேர்ந்து வாங்கினோமே, அந்த மாம்பழ மஞ்சள்.

துவைத்தது சுத்தமாவது உண்டா என்றால், காலரில் அழுக்கு அப்படியே இருக்கிறது. கறுப்புப் பாவாடையில் திருநீறு பூசினதுபோல் பவுடர் கோடு. இவர் வேட்டி ஒரு மாதத்துக்குள் நிறம் மங்கிவிட்டது. வேலைக்கு வருகிற அம்மா ஒரு நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கெட்டில் போட்டு மறுபடி அலசினாள். அந்த மெஷினுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். வந்த பையன் நல்ல பிள்ளை. மெஷினின் நாலு காலையும் மட்டம் பார்த்தான், ஒரு சுற்று ஓட்டினான், "நார்மல்தான் மேடம்" என்றான். சேலை முறுக்குவதா, நார்மல். நிரம்ப அவ்வளவு நேரமா, நார்மல். கெட்டுப்போன பொருளென்றால் மாற்றித் தரச் சொல்லலாம், சண்டை போடலாம். இது கெட்டுப்போகவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது, அது எனக்குப் போதவில்லை. இந்த மனத்தாங்கலை யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது?

கீழ்வீட்டுக்காரர் ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார். 2019-ம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாமாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாதாம், 1915-க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்களாம். தெரிந்துவைத்துக்கொள், என்றைக்காவது உதவும். ஆனால் அங்கே போய்ப் பொருளில் இன்ன குறை என்று காட்ட வேண்டுமே. கடையில் கேட்டதற்கு, "இன்ஸ்டால் பண்ணிட்டா திரும்ப எடுக்க மாட்டாங்கம்மா" என்றார்கள். மெஷின் நெற்றியில் பத்து வருட வாரண்டி என்று ஒட்டியிருக்கிறதே என்றால், அது மோட்டாருக்கு மட்டும். மொத்த மெஷினுக்கு இரண்டு வருடம்தான்.

கொஞ்ச நாள் அதன் முகத்திலேயே விழிக்காமல் இருந்தேன். இவர் வேட்டியைக் கையிலேயே துவைத்தேன். அப்புறம் அந்த டெக்னீஷியன் பையனை மறுபடி வரச் சொல்லி, இந்தத் தடவை குறை சொல்லாமல், இது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டேன். காபி கொடுத்து உட்கார வைத்தேன். அவன் சொன்னதில்தான் எனக்குப் பாதி விளங்கியது.

நாமெல்லாம் துணியை முதலில் வாளியில் ஊற வைத்துத்தானே பழக்கம்? இந்த மெஷின் தண்ணீர் விடுவதற்கு முன்னாலேயே அடித்தட்டை லேசாக ஆட்டிப் பார்த்துச் சுமையைக் கணக்குப் போடுகிறது. ஈரத் துணியைப் போட்டால் பாரம் அதிகமென்று நினைத்துத் தொட்டி நிறையத் தண்ணீர் கேட்கிறது. ஊற வைக்க வேண்டுமென்றால் அதற்குள்ளேயே ஊற வைக்கச் சொல்லும் பட்டன் இருக்கிறது, அல்லது தண்ணீர் அளவை நாமே குறைத்து வைக்க வேண்டும். ஏழு கிலோ என்பது உலர்ந்த பருத்தித் துணியின் எடை. அதற்காகத் திணித்தால் துணி புரளாது, புரளாத துணியில் அழுக்குப் போகாது. முக்கால் தொட்டிக்கு மேல் போடாதே.

மெதுவாக நிரம்புவதற்குக் காரணம் டேங்க். நாங்கள் கடைசி மாடி, டேங்க் தலைக்கு நேர் மேலே. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஒரு பார் என்கிற அளவு அழுத்தம் கிடைக்கும். எங்கள் குழாய்க்கு மேலே இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். கீழ்வீட்டில் இதே மாதிரி மெஷின் சட்டென்று நிரம்புகிறது. அதோடு, தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கிறது. அதைக் குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் தட்டினான். துருவும் லாரி மணலும் சேர்ந்த சேறு. இப்போது மாதம் ஒரு தடவை நானே கழற்றிக் கழுவுகிறேன்.

வேட்டி மங்குவதற்கும் பவுடர் கோட்டுக்கும் காரணம் எங்கள் போர்வெல் தண்ணீர். ஒரு தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார், டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1400 காட்டியது. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது அரசாங்கத்தின் தர அளவு. அந்த மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். நுரையைக் கொல்வது அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும்தான். நுரை வரவில்லையென்று நான் பவுடரை அள்ளிப் போட, அது பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் துணியில் தங்க, இரண்டு அலசலில் அது எப்படிப் போகும்? இந்த மெஷினில் வெந்நீர் கிடையாது. இப்போது திரவ சோப்புக்கு மாறிவிட்டேன், கூட இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா. வேட்டி பழைய வெள்ளைக்கு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மங்குவது நின்றிருக்கிறது. காலரில் முன்னாடியே கட்டி சோப்பைத் தேய்த்துப் போடுகிறேன். மெஷின் வாயில் மாட்ட ஒரு குழாய் விற்கிறார்களே, தண்ணீரை மென்மையாக்கும் என்று, அதில் பலதும் உப்புப் படியாமல் தடுக்கும், அவ்வளவுதான். கடினத்தன்மை அப்படியே இருக்கும்.

சேலைக்கு வலைப் பை. மடித்து உள்ளே வைத்து ஜிப்பை மூடினால் முறுக்கிக்கொள்ளாது. ஒரு பைக்கு ஒரு சேலை. ரவிக்கைக்குத் தனிப் பை, கொக்கியைப் போட்டுவிட்டு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு அதன்மேல் பாசம் வரவில்லை. ஆனால் சண்டை நின்றுவிட்டது. மருமகளிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அத்தை, எங்க மெஷினும் அப்படித்தான், உங்க பையன் சட்டைக் காலரை நான்தான் பிரஷ் போடறேன். அவருக்குத் தெரியாது" என்றாள்.

இப்போது உன் கேள்வி. என்னைக் கேட்டால், நீ இதையே வாங்கு. சிரிக்காதே. அம்பாசமுத்திரத்தில் உனக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்கிற நுரை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வீடு கீழ்த்தளம், டேங்க் மொட்டை மாடியில், உயரத்துக்குக் குறைவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே உன் முட்டி. செமியில் ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அள்ளிப் போட வேண்டும், குழாயைப் பிடித்து நிற்க வேண்டும். முன்னால் திறக்கிற மெஷின் தண்ணீரும் குறைவு, துணியும் வெளுக்கும், ஆனால் குனிய வேண்டும் அல்லது ஸ்டாண்டில் தூக்கி வைக்க வேண்டும். மேலே திறப்பதுதான் நின்றபடியே போட்டு நின்றபடியே எடுக்கத் தோது. ஒரு கிலோ கூட, ஒரு கிலோ குறைய என்று கடைக்காரன் பேசினால் கேட்காதே. இரண்டு பேருக்கு ஆறரை, ஏழு தாராளம். சம்மந்தி வீட்டுப் போர்வையெல்லாம் நீ துவைக்கப் போவதில்லை.

அண்ணனிடம் சொல்லி டேங்கின் அடிப்பக்கத்துக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவே எத்தனை அடி என்று அளக்கச் சொல். அந்த மாடலுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், கடையிலேயே வாங்கிப் பார்க்கலாம். அப்புறம், உன் கொல்லைப்புறத்தில் எலி உண்டே. மெஷினுக்கு அடியில் வலைத்தகடு இருக்கிறதா என்று பார். எலி ஒயரைக் கடித்தால் வாரண்டியில் வராது என்று சொல்லிவிடுவார்கள். மாட்ட வருகிற ஆள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முழு ஓட்டம் ஓட விடு. அவசரமாகப் போகணும் என்பான், காபியைக் கொடுத்து உட்கார வை.

ஆவணியில் உன் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறோம். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்ததும் தேதி எழுதுகிறேன். வலைப் பை அங்கே கிடைக்காவிட்டால் நான் வரும்போது வாங்கி வருகிறேன். உனக்குச் சேலைதானே அதிகம், பெரிய பையாக நாலு போதுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
கலா