லொடலொடவென்று ஆடும் லென்ஸ் பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக மதுரைப் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நம் கடையில் வாடகைக்கு எடுத்த சோனி 70-200 ஜிஎம் 2 லென்ஸை ஒருவர் காதருகே வைத்து ஆட்டுகிறார். உள்ளே லொடலொடவென்று கேட்கிறது. "கீழே போட்டு உடைத்ததை வாடகைக்குத் தருகிறார்கள்" என்று எழுதியும் இருக்கிறார். பலர் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்களும் இருப்பார்கள்.

அந்த லென்ஸ் உடையவில்லை. அதில் ஃபோகஸ் கண்ணாடிகளை நகர்த்துவது நான்கு லீனியர் மோட்டார்கள், அதாவது சுழலாமல் நேர்கோட்டில் தள்ளும் மோட்டார்கள். காந்தமும் கம்பிச்சுருளும்தான் வேலை செய்கின்றன, பல்சக்கரம் கிடையாது. கரண்ட் இருக்கும்வரை காந்தவிசை கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும். கேமராவை ஆஃப் செய்ததும் பிடி விட்டுப்போய், கண்ணாடி முன்னும் பின்னும் சறுக்கும். அந்தச் சத்தம்தான் வீடியோவில் கேட்பது. கேமரா பாடியில் மாட்டி, ஆன் செய்து, மெதுவாக ஆட்டிப் பாருங்கள், நின்றுவிடும். ஃபியூஜி 90 எம்எம் எஃப்2 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், 2015இல் அது வந்த நாளிலிருந்து இந்தச் சத்தம் அவர்களுக்குப் பழக்கம். ஆன் செய்த பிறகும் அப்படி ஆடினால் என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும் ஒவ்வொரு லென்ஸையும் பாடியில் மாட்டி, கிட்டத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் பார்த்து, டார்ச் அடித்துக் கண்ணாடியில் ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அலமாரியில் வைக்கிறோம். 14 வருடமாக அப்படித்தான். அதனால்தான் "உடைத்தது" என்ற அந்தச் சொல் இவ்வளவு வலிக்கிறது. ஆனாலும் கொடுக்கும்போதே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, மற்ற மோட்டார்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான கேனான் இஎஃப் 70-200 எல் லென்ஸ்களில் இருப்பது ரிங் யுஎஸ்எம் என்ற அல்ட்ராசோனிக் மோட்டார். பீங்கான் வளையம் ஒன்று அதிர்ந்து, அந்த அதிர்வு இன்னொரு வளையத்தைச் சுழற்றும். தாலி கட்டும் நொடியில் டக்கென்று ஃபோகஸ் பிடிக்க இன்றும் அதை நம்பலாம். வளையத்தைக் கையால் திருப்பினாலும் ஃபோகஸ் உடனே மாறும். ஆனால் வீடியோவில் ஃபோகஸ் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவுவது கண்ணுக்கு உறுத்தும்.

அதற்காகத்தான் 2012இல் கேனான் எஸ்டிஎம் என்ற ஸ்டெப்பிங் மோட்டாரைக் கொண்டுவந்தது. படிப்படியாகச் சுழலும் மோட்டார், ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போகும். எல்லா எஸ்டிஎம்மும் ஒன்றல்ல. 18-135இல் இருப்பது ஏறக்குறைய சத்தமே போடாது. உங்களுக்குப் பிடித்த 50 எம்எம் 1.8இல் பல்சக்கரம் உண்டு, கேமரா மைக்கிலேயே ஆடியோ எடுத்தால் கிர்ரென்ற சத்தம் விழும். அந்த 50இன் முன்குழல் வெளியே நீண்டிருக்கும்போது ஓர் இடி பட்டால் ஆட்டோஃபோகஸ் போய்விடும். எங்களிடம் ரிப்பேருக்கு வரும் 50களில் பெரும்பாலும் இதே கதைதான். குழலைக் கையால் உள்ளே தள்ளாதீர்கள். எஸ்டிஎம்மில் கேமரா ஆன் ஆகாமல் ஃபோகஸ் வளையமும் வேலை செய்யாது.

நிக்கான்காரர்களுக்கு ஒன்று. பழைய 50 எம்எம் டி வகை லென்ஸுக்குள் மோட்டாரே இல்லை, பாடியில் இருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி5300 போன்ற பாடியில் அது இல்லை. ஸ்டெப்பிங் மோட்டார் உள்ள ஏஎஃப்-பி லென்ஸில் சிக்கல் வேறு மாதிரி, டி90, டி7000 பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பாடி பெயரைச் சொல்லி புக் செய்யுங்கள்.

என் யோசனை கேட்டால், கல்யாணத்தில் போட்டோவும், கிம்பலில் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) வீடியோவும் ஒரே ஆள் எடுப்பதாக இருந்தால் லீனியர் மோட்டார்தான் சரி. வேகமும் இருக்கிறது, சத்தமும் இல்லை. போட்டோ மட்டும் என்றால் பழைய ரிங் யுஎஸ்எம் போதும், வீண் செலவு வேண்டாம்.

அப்புறம், எங்கள் சர்வீஸ் தம்பி சொந்தமாகக் கடை வைக்கப் போய்விட்டார், நன்றாக வரட்டும். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை மோட்டார் ரிப்பேருக்குச் சென்னைக்குத்தான் அனுப்புகிறோம், அங்கே கூலி அதிகம். ஆகவே தை முதல் லீனியர் மோட்டார் லென்ஸ்களுக்கு நாள் வாடகை 300 ரூபாய் கூடும்.

கொரோனா காலத்தில் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தபோதும் கடையை மறக்காமல், வேலை இல்லாமலே முன்பணம் கட்டி வைத்தவர்கள் நீங்கள். அந்தப் பணத்தில்தான் வாடகை கட்டி இந்தக் கடையைக் காப்பாற்றினோம். அந்த முன்பணக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் இன்றும் கல்லாவில் இருக்கிறது, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் நன்றி.

வீடியோ போட்ட தம்பிக்கு: உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த லென்ஸை ஒரு பாடியில் மாட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். வந்து ஆன் செய்து ஆட்டிப் பாருங்கள். நீங்கள் வாங்காமல் போன டெபாசிட்டும் கவரில் போட்டு இங்கேதான் இருக்கிறது.

அன்புடன்,
கடை உரிமையாளர்