வீடியோ கேம்: பயம் எதற்கு, கவனம் எதில்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

வீடியோ கேம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, அடிமையாவதையும் வன்முறையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், துப்பாக்கி கேமைப் பிடுங்கி வைத்துவிட்டு, மிட்டாய் நிறத்தில் மின்னினாலும் அடிமையாக்கும் இன்னொன்றை நாமே பிள்ளை கையில் கொடுத்துவிடுவோம்.

கேமில் சுடுவதற்கும் நிஜ வன்முறைக்கும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு உண்டு என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. வாதாடுபவர்கள் அவரவருக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடிமையாதல் வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் அது ஒரு கோளாறாக நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ வெளிப்படையாகக் கெடுத்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்ற கணக்கே அதில் கிடையாது. விடுமுறையில் நாலு மணி நேரம் ஆடிவிட்டு, கூப்பிட்டதும் சாப்பிட வரும் பையனை நோயாளி ஆக்காதீர்கள்.

ஆளைப் பிடித்து வைப்பது ரத்தக் காட்சி அல்ல. ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துபோகும் தினசரிப் பரிசு, சீசன் முடிவதற்குள் முடித்தாக வேண்டிய பேட்டில் பாஸ் (படிப்படியாக ஆடிப் பரிசு சேர்க்கும் அட்டை), திறக்கும் வரை என்ன வரும் என்று தெரியாத பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸ் இவைதான். எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காகத் திரும்பத் திரும்பக் கை போவது சூதாட்ட எந்திரத்தின் கணக்கு. பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. வயது முத்திரையை மட்டும் நம்புவதும் அதனால்தான் போதாது. கேம்களுக்கு வயது வகுக்கும் அமெரிக்க அமைப்பான இஎஸ்ஆர்பியின் முத்திரையில் 'எம்' என்றால் 17 வயதும் அதற்கு மேலும். ஆனால் கேமுக்குள் வாங்கும் வசதியும் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியும் தனியே ஒரு வரியில்தான் இருக்கும். அந்த வரியைப் படியுங்கள்.

வீட்டில் சண்டை பெரும்பாலும் நேரக் கெடுவில்தான் வெடிக்கிறது. பலர் மோதிக் கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் பேட்டில் ராயல் மேட்ச் ஒன்று கடைசிவரை போனால் 20 முதல் 30 நிமிடம். இணையத்தில் ஆடும்போது நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. பாதியில் வெளியேறினால் கூட்டாளிகள் திட்டுவார்கள், ரேங்க் இறங்கும், சில கேம்களில் அடுத்த மேட்சுக்குத் தடையும் விழும். "எட்டு மணிக்கு அணை" என்பதைவிட "ஏழரைக்கு மேல் புது மேட்ச் கிடையாது" என்பதே நடக்கக்கூடிய விதி. "இரண்டு மேட்ச்" என்று எண்ணிக்கை மட்டும் வைத்தால், முதல் நிமிடத்திலேயே செத்தவன் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டான்!

ஃபோனில் நாம் போடும் பூட்டுகள் தோற்பதும் சில்லறைக் காரணங்களால். பெற்றோரின் கணக்கையே பிள்ளையின் ஃபோனில் போட்டால் பூட்டும் சாவியும் ஒரே இடத்தில். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, வீட்டார் கணக்குகளை இணைக்கும் குடும்பக் குழுவில் சேர்த்து, உங்கள் ஃபோனிலிருந்து கட்டுப்படுத்துங்கள். ஃபோனின் தேதியையும் நேரத்தையும் மாற்றி நேரக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவது பழைய வித்தை. அந்த அமைப்பையும் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். வைஃபை ரவுட்டரில் தடுத்தால் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவார்கள். சேமித்து வைத்த கார்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஒருமுறை கொடுத்தால் கொஞ்ச நேரம் மறுபடி கேட்காத அமைப்பில்தான் பணம் போகிறது. கேமின் நோட்டிஃபிகேஷனை அணைக்க ஒரு நிமிடம் போதும். இரவில் சார்ஜ் போடுவது படுக்கையறைக்கு வெளியே.

ஃபோனை ஒரேயடியாகப் பிடுங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பிள்ளையின் நண்பர் கூட்டமே அந்தக் கேமுக்குள்தான் இருக்கக்கூடும்.

பள்ளிக்குப் போக மறுப்பது, ராத்திரி பகலாக மாறுவது, சாப்பாடும் குளியலும் தவறுவது என்று போனால் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதான். தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஆட்டத்தால் தவறிய வேலைகள் ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ அடியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குச் சிகிச்சை தராமல் கேமை மட்டும் நிறுத்தினால், பிள்ளை வேறொரு திரைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்