செய்தவர் பெயரையும் பலகையில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஞாயிறன்று நடந்த பழைய கார் கண்காட்சி பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். படத்தில் இருந்த அந்தக் கரும்பச்சை அம்பாசடர் மார்க் 2 காரை நானும் நேரில் பார்த்தேன். கடலூரில் டிங்கரிங் பட்டறை நடத்தி, இப்போது மகன் கையில் கொடுத்திருப்பவன் நான். அந்த வேலையைப் பற்றி எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

நாலு கதவு வண்டியை இரண்டு கதவாக்கியிருக்கிறார்கள். பின்கதவை அடைத்தால் முடிந்தது என்று பலரும் நினைக்கலாம். அம்பாசடருக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. இரண்டு கதவுகளுக்கும் இடையில் இருக்கும் நடுத்தூணை அறுத்துப் பின்னால் தள்ளுவதற்கு முன்பு உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பைப் வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. முன்கதவை நீளமாக்க இரண்டு கதவுகளை வெட்டி ஒன்றாக்க வேண்டும். சூடு பட்ட தகடு நெளியும். உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, வெளியே சுத்தியலால் பொறுமையாகத் தட்டித்தான் அந்த நெளிவை எடுக்க முடியும். அவசரப்பட்டால் தகடு நீண்டு, விரலால் அழுத்தும்போதெல்லாம் எண்ணெய் டின் மாதிரி டொக்கென்று உள்வாங்கும்.

உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, மட்கார்டிலிருந்து டிக்கி வரை உள்ளங்கையால் தடவினேன். ஒட்டு எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையைக் கனமாகப் பூசி மறைத்திருப்பார்களோ, அப்படியானால் காந்தம் பிடிக்காதே என்று துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். கப்பென்று பிடித்தது. தகட்டிலேயே வேலையை முடித்திருக்கிறார் அந்த மனிதர்! கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். உள்ளே குஷன் வேலையும் அருமை.

ஆனால் முன்னால் இருந்த பலகையில் மாடல், ஆண்டு, உரிமையாளர் பெயர், அவ்வளவுதான். 2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டி மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்குத்தான் வின்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி என்ற பதிவு. இந்த வண்டிக்கு அது கிடைக்காது. அப்படியிருந்தும் இதைக் கூட்டம் சூழ்ந்து நின்று பார்த்தது அந்தக் கைவேலைக்காகத்தானே?

பக்கத்தில் ஒருவர் வேஸ்ட் துணியால் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, போட்டோவுக்கு மறைக்குது, கொஞ்சம் தள்ளுங்க" என்றார்கள் இளைஞர்கள். அவரும் தள்ளி நின்றார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, டிங்கர் அவரேதான். வில்லியனூர் பக்கம் பட்டறையாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு பலகையில் எழுதக் கூடாதா?

இப்போது அடிபட்ட வண்டிக்குப் புது மட்கார்டையே மாற்றிவிடுகிறார்கள். தட்டி எடுக்கக் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவது குறைந்துவிட்டது. அடுத்த கண்காட்சியில் உரிமையாளர் பெயருக்குக் கீழே டிங்கர், பெயின்டர், குஷன் வேலை செய்தவர் பெயர்களையும், அவர்கள் பட்டறை எந்த ஊரில் என்பதையும் போடும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிருபரும் படத்துக்குக் கீழே அந்தப் பெயர்களைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
டிங்கரிங் தொழிலாளி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.