கூம்புக் கலனின் அடிமண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்போரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், கூம்பு வடிவ நொதிக்கலனின் அடிக்குழாயைத் திறந்ததும் வருவதைப் பிடித்துவைத்தால் அடுத்த முறைக்கு வேண்டிய ஈஸ்ட் கிடைத்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. மனைவியின் செவிலியர் பணியை முன்னிட்டு இங்கிலாந்தில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்து, அங்கு சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் உரிமமின்றி அனுமதிக்கப்படும் இவ்வேலையைப் பழகியவன் என்ற முறையில், அது தவறு என்று தெரிவிக்கிறேன். நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம் என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

முதலில் வருவது பழுப்பு நிறக் கசடு. முளைகட்டிய பார்லியின் சாறு கொதிக்கும்போது திரிந்த புரதமும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் துணுக்குகளும், செத்த ஈஸ்டும், நொதிக்கும் வேலை முடியுமுன்பே அடியில் இறங்கிவிட்ட ஈஸ்டும் அதில் கலந்திருக்கும். சீக்கிரம் படிவதையே ஒவ்வொரு முறையும் எடுத்து வளர்த்தால், சாற்றில் சர்க்கரை மீதமிருக்கும்போதே படிந்துவிடும் ஈஸ்ட்தான் பெருகும். அடுத்து, பாலாடை நிறத்தில் கெட்டியாக வரும் நடுப்பகுதிதான் நமக்கு வேண்டியது. இருபது லிட்டர் சாற்றுக்கு அதில் சுமார் 200 மில்லி போதும். கடைசியில் நீர்த்து வருவது எளிதில் படியாத வகை என்பதால், அதைச் சேர்த்தால் அடுத்த பீர் கலங்கியே நிற்கும்.

என் சிறு வயதில் பாட்டி ஆப்பத்துக்குக் கள் எடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். கலயத்தை அசையாமல் வைத்திருந்து, மேலே தெளிந்ததை இறுத்துவிட்டு, வெண்மையாகக் கலங்கிய நடுப்பகுதியை மாவில் ஊற்றுவார். எறும்பும் ஈயும் பாளைச் சீவலும் கிடக்கும் அடிமண்டி தென்னை மூட்டுக்குப் போகும். சுண்ணாம்பு தடவிய கலயத்து அக்கானி, அதாவது பதநீர், புளிக்காது என்பதால் அது இதற்கு உதவாது.

குழாயைத் திறக்கும் வேகத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கலனை இரண்டு நாள் குளிரவைத்த பிறகு, குழாயின் வாயைக் கொதிநீரால் கழுவி, மெல்லத் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் கெட்டியான ஈஸ்ட் கூம்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் துளை விழுந்து மேலிருக்கும் நல்ல பீர் பாய்ந்து வந்துவிடும். நொதித்தல் முடிந்த பிறகும் ஈஸ்டைக் குளிரவைக்காமல் நாள்கணக்கில் கூம்பிலேயே கிடக்க விடுவதும் தவறு. அடர்ந்து கிடக்கும் ஈஸ்ட் சூடேறிச் செத்து, தன்னையே கரைத்துக்கொண்டு, பீருக்கு இறைச்சிச் சாறு போன்ற ஒரு வாடையைத் தரும்.

எடுத்த ஈஸ்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஜாடியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும்; உள்ளே கரியமில வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் முதல் ஆண்டில் ஒரு கண்ணாடி ஜாடியை வெடிக்கவிட்டு, சமையலறைக் கூரை வரை துடைத்தவன் நான். தங்கள் கட்டுரையோடு வெளியான படத்திலும் ஜாடி இறுக மூடியே இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.