துப்பாக்கிப் பூட்டு மேசையில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர்,

வணக்கம். 2021 நவம்பர் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதே ஓக்லண்ட் கவுன்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவந்த தமிழ்ப் பெற்றோர் பலருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. சுட்டவன் 15 வயதுச் சிறுவன் என்பதும், அந்தக் கைத்துப்பாக்கி நான்கே நாள்களுக்கு முன் அவனுடைய தந்தை வாங்கி வந்தது என்பதும் தெரியவந்த பிறகு, பள்ளி வாசலில் காவலர் நிற்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், வீட்டு அலமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்று கேட்கத் தொடங்கினோம்.

2023 பிப்ரவரி 13ஆம் நாள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மூன்று மாணவர்களைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். அதன்பின் விடுப்பு எடுத்துக்கொண்டு மாநிலத் தலைநகர் லான்சிங்கில் உள்ள சட்டமன்றத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும், பிள்ளையை இழந்த துயரத்தோடும் அங்கே நின்று பேசிய பெற்றோருக்கும் எங்கள் முதல் வணக்கம். சிறுவர்கள் இருக்கும் அல்லது வந்துபோகும் இடத்தில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது தோட்டா நீக்கி அதற்குப் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும் என்ற சட்டத்தில் ஆளுநர் கிரெட்சன் விட்மர் அவ்வாண்டு ஏப்ரலில் கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரி 13 முதல் அது நடைமுறையில் உள்ளது.

ஆயினும் சட்டம் வந்ததை எத்தனை வீடுகள் அறிந்திருக்கும்? அதற்காகத்தான், வருவோருக்குத் துப்பாக்கிப் பூட்டுகளைக் கொடுத்து, அவற்றைப் போடும் முறையையும் காட்டும் பூட்டு மேசை போட்டோம். கேட்டவுடன் கம்பிவடப் பூட்டுகளை இலவசமாகத் தந்த காவல் நிலையத்தாருக்கும், இடம் கொடுத்த நூலகத்தாருக்கும், குளிரில் பெட்டி சுமந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அந்த மேசைக்கு உயிர் கொடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர். ஐம்பது ஆண்டுகளாக மான் வேட்டைக்குச் செல்பவர். துப்பாக்கியே கூடாது என்று எண்ணும் எங்களோடு அவர் வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுட முடியாத பயிற்சித் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தவர், தோட்டாக் கூட்டைக் கழற்றி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை விட்டும் சோதித்து, அதன் பிறகே கம்பிவடத்தை மேலே நுழைத்துக் கீழே எடுத்துப் பூட்டிக் காட்டினார். சாவியைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் பூட்டியும் பயனில்லை என்று வந்தவர் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னார். நாங்கள் சொன்னால் கேட்டிராத பலர் அவர் சொன்னதால் பூட்டு வாங்கிச் சென்றார்கள். ஐயா, தங்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் 2020 முதல் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதற்காரணம் துப்பாக்கிதான் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்ன குழந்தைநல மருத்துவருக்கும் நன்றி. பிள்ளை விளையாடப் போகும் வீட்டாரிடம் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் கூசினோம். நாய் கடிக்குமா, நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று வழி காட்டியவர் அவரே. அவ்வாறு முதன்முதலில் நான் கேட்ட வீட்டு அம்மையார் முகம் சுளிக்காமல், என்னை உள்ளே அழைத்துச் சென்று, பூட்டிய இரும்புப் பெட்டியைக் காட்டினார். அவருக்கும், கேட்டதற்குக் கோபிக்காத மற்ற வீட்டாருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

நவம்பர் 15ஆம் நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குமுன் மீண்டும் மேசை போடவிருக்கிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்களும் வர வேண்டும்.

நன்றியுடன்,
பூட்டு மேசைப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்
ஓக்லண்ட் கவுன்டி, மிச்சிகன்